இடம் மாறிய கோரைப்பல்

என் வீட்டுக்காரருக்கு மனிதர்களின் முகம் ஞாபகத்தில் நிற்காது. கோபத்தில் சொல்லவில்லை, ஊருக்கே தெரிந்த விஷயம்தான். ஒரு கல்யாண வீட்டில் என் சொந்தச் சித்தப்பாவைப் பார்த்து, "சார் யாருன்னு தெரியலையே" என்றார். சித்தப்பா சங்கடத்தோடு சிரித்ததும் இவர் முகம் மலர்ந்துவிட்டது. "அடடே, முன்பல் ரெண்டுக்கும் நடுவுல சந்து விட்ட சித்தப்பாவா! இதை முதல்லயே சிரிச்சிருக்கக் கூடாதா?" என்று கட்டிப்பிடித்துக்கொண்டார். அத்தனை பேர் முன்னால் எனக்கு மானம் போயிற்று. சித்தப்பா அதற்கப்புறம் இவரைக் கண்டால் கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் பேசுவார்.

இவர் பல்செட் கட்டுகிறவர். பல்லுக்காரர் வீடு எது என்று யாரைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு வழி சொல்வார்கள். கீழே முன்னறை கடை, பின்னறை பட்டறை, மாடியில் நாங்கள் இருவரும். வருகிறவர்களுக்கு நாள் குறித்துக் கொடுப்பதும், அவர் வாயில் அச்சு எடுத்துக் கொடுத்தால் அதில் பிளாஸ்டர் ஊற்றி வைப்பதும் என் வேலை. "நீ ஊத்தினாத்தான் குமிழி வராது" என்பார். கல்யாணமான இருபத்தெட்டு வருஷத்தில் என்னைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த ஒரே புகழ்ச்சி இதுதான். இதை வைத்துக்கொண்டுதான் காலம் தள்ளுகிறேன்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவருக்குக் கோபமே வராது, அதுவே எனக்கு இன்னும் கோபம். யாராவது போன மாதம் கட்டிய செட்டோடு வந்து, "கடலை மென்னு பார்த்தேன், ஒண்ணும் ஆகல" என்று சொல்லிவிட்டால் போதும், அன்று முழுக்க மனிதர் முணுமுணுவென்று ஏதோ பாட்டு பாடிக்கொண்டே அரத்தால் பல் ராவுவார். குடை தொலைந்தாலும் பாட்டு, கூரை ஒழுகினாலும் பாட்டு. இப்படிப்பட்ட ஆளைத்தான் சர்வதேச நீதிமன்றம் விமானம் வைத்துக் கூப்பிட்டது என்றால் நம்புவீர்களா? நானே நம்பவில்லை.

அதைச் சொல்வதற்கு முன்னால் அவர் செய்த ஒரு தப்பைச் சொல்ல வேண்டும். ஒரே தப்புதான்.

பல் ஒன்றும் அவர் செய்வதில்லை. அது அட்டையில் வரும். மேல்வரிசை முன்பற்கள் ஆறும் மெழுகுப் பட்டையில் வரிசையாக ஒட்டியிருக்கும். நடுவில் நாலு, இரண்டு ஓரத்திலும் கோரைப்பல். ஒவ்வொன்றாக எடுத்து, ஆளின் ஈறுபோலவே பிளாஸ்டரில் வார்த்த மாதிரியில் மெழுகு வைத்து அதில் நிறுத்த வேண்டும். இவர் மாதிரியைத் தன்னைப் பார்த்தபடி, எதிரில் ஆள் உட்கார்ந்திருப்பதுபோல வைத்துக்கொள்வார். அந்த ஆளின் வலப்பக்கம் இவருக்கு இடக்கைப் பக்கம் வரும். வாழ்நாள் முழுக்க இப்படியே செய்து கைக்குப் பழகிப்போனது, கண்கூட வேண்டாம்.

படைக்கும் ஆயுதக்காரர்களுக்கும் சண்டை நடந்த காலத்தில் ஊருக்குக் கரண்ட்டை நிறுத்திவிட்டார்கள். ஒருநாள் மழை இருட்டு. வெளிச்சத்துக்காக மேசையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, மாதிரியின் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, இவர் பின்பக்கமிருந்து வேலை பார்த்தார். கை மட்டும் பழைய பழக்கத்தில் போனது. வலப்பக்கக் கோரைப்பல் இடப்பக்கம் போனது, இடப்பக்கத்தது வலப்பக்கம் வந்தது. நீங்களும் நானும் பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. கோரைப்பல்லின் கூருக்கு முன்னால் இருக்கும் சரிவு சின்னது, பின்னால் இருப்பது நீளம். அது தலைகீழாக இருந்தது, அவ்வளவுதான். இவருக்கோ அது செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு நடப்பவரைப் பார்க்கிற மாதிரி.

அந்தச் செட் எங்கள் தெருவுக்குக் கடிதம் கொண்டுவரும் தபால்காரருடையது. கட்டி ஒரு வாரம் கழித்து வாசலில் நின்று அவர் சிரித்தபோதுதான் இவர் கண்ணில் பட்டது. முகம் வெளுத்துவிட்டது.

"ஐயா, அதைக் கழட்டிக் குடுங்க. ரெண்டே நாள்ல மாத்திக் கட்டித் தர்றேன்."

"எதுக்கு? கெட்டியா நிக்குது. கடிக்குது. பேசுது."

"கோரைப்பல் இடம் மாறிப்போச்சு."

தபால்காரர் கைக்கண்ணாடி வாங்கி இப்படியும் அப்படியும் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலையே. நீங்க ஒருத்தர்தான் என் வாயைப் பார்ப்பீங்க, பார்த்துட்டுப் போங்க. ரெண்டு நாள் பொக்கை வாயோட என்னால தெருவுல போக முடியாது" என்று சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

அதற்கப்புறம் இரண்டு வருஷம் இவருடைய தப்பு சைக்கிள் ஏறி ஊர் முழுக்கச் சுற்றியது. மணிச் சத்தம் கேட்டாலே இவர் பட்டறைக்குள் போய் ஒளிந்துகொள்வார். தபால்காரர் சும்மா இருப்பாரா? வேண்டுமென்றே வாசலில் நின்று, "பல்லுக்காரரே, ஈ..." என்று முப்பத்திரண்டையும் காட்டிவிட்டுத்தான் போவார். அறுபது வயதிருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கூடப் பிறந்தவர் யாரும் இல்லை. தபாலாபீஸ் பின்னறையில் குடியிருந்தார்.

எனக்கு ஒரே தம்பி. அம்மா அப்பா போன பிறகு நான் தூக்கி வளர்த்தவன். அப்போது படையில் இருந்தான். எல்லையோரத்தில் எங்கெங்கோ போட்டிருந்தார்கள். அவன் கடிதம் வந்தால் தபால்காரர் முறை பார்த்து வரமாட்டார். தெருமுனையிலிருந்தே விடாமல் மணி அடித்துக்கொண்டு, "உன் தம்பி எழுதியிருக்கான், நல்லா இருக்கான்!" என்று கத்திக்கொண்டு வருவார். கடிதத்தைப் பிரித்துப் படித்தவர்போலச் சொல்வார். "எழுதியிருக்கான்னா இருக்கான்தானே" என்பார். அந்த மனுஷர் கொண்டுவந்த சத்தத்தில்தான் நான் அந்த வருஷங்களில் தூங்கி எழுந்தேன்.

சண்டை முடிகிற சமயம் தம்பியை எங்கள் ஊர் எல்லையில் இருந்த முகாமுக்கே மாற்றினார்கள். அந்த மழைக்காலத்தில்தான் ஒருநாள் பையைத் தூக்கிக்கொண்டு போன தபால்காரர் திரும்பவில்லை. சைக்கிள் மட்டும் பாலத்தடியில் கிடந்தது. முகாமில் போய்க் கேட்டவர்களிடம், ஆயுதக்காரர்களோடு ஓடியிருப்பார் என்றார்கள். பல்செட் போட்ட கிழவர் துப்பாக்கி தூக்கிக்கொண்டு ஓடினாராம்! நான் தம்பியிடம் கேட்டேன். "எனக்கு எதுவும் தெரியாதுக்கா" என்று தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். பசியில்லைபோல என்று நானும் விட்டுவிட்டேன்.

பதினோரு வருஷம் போயிற்று. தம்பி படையை விட்டு வந்து டவுன் பஸ் ஓட்டுகிறான். நாளைக்கு நாலு தடவை எங்கள் வாசல் வழியாகத்தான் போவான். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். இவரும் அவனும் மாமன் மச்சானாகவா இருந்தார்கள், ஒட்டிப் பிறந்தவர்கள் மாதிரி இருந்தார்கள்.

அப்போதுதான் ஒரு நாள் காலையில் ஒரு அம்மா வந்தாள். நாற்பது வயதிருக்கும், தோளில் பெரிய பை, கூடவே மொழிபெயர்க்க ஒரு நடுவயது ஆள். பல் கட்டிக்கொள்ள வந்தவள் என்று நினைத்து நான் நாள் குறிக்கப் போனேன். அவள் மேசையில் ஒரு போட்டோவை வைத்தாள். மண் அப்பிய ஒரு பல்செட்.

இவர் பார்த்தார். பார்த்ததும் செய்த முதல் காரியம், போட்டோவைச் சட்டென்று குப்புறக் கவிழ்த்ததுதான். காது மடலெல்லாம் சிவந்துவிட்டது. "இது எப்படிம்மா உங்க கைக்கு வந்தது? நான் மாத்தித் தர்றேன்னு அன்னைக்கே சொன்னேன், அவர்தான் கேக்கல..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர், பாதியில் நிறுத்திவிட்டார். அப்புறம் மெதுவாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான்தான் போட்டோவைத் திருப்பி வைத்தேன்.

அந்த அம்மா சர்வதேச நீதிமன்றத்தின் விசாரணை அதிகாரி, விஷயத்தைச் சொன்னாள். செங்கல் சூளைக்குப் பின்னால் ஒரு குழியைத் தோண்டியிருக்கிறார்கள். ஏழு பேர். ஆறு பேர் வேறு ஊர்களிலிருந்து சண்டைக்குப் பயந்து ஓடிவந்தவர்களாக இருக்க வேண்டும், பெயர் தெரியாது, தேடி வரவும் ஆளில்லை. ஏழாவது ஆளின் வாயில் இந்தச் செட் இருந்தது. எங்கள் ஊர் முகாமின் தளபதியும் இரண்டு சிப்பாய்களும் இப்போது சர்வதேச நீதிமன்றத்தில் நிற்கிறார்கள். செத்தவர்கள் அத்தனை பேரும் ஆயுதத்தோடு சண்டை போட்டவர்கள் என்பது தளபதியின் வாதம். அவர்களில் ஒருவர் ஊர்த் தபால்காரர் என்று தெரிந்துவிட்டால் அந்த வாதம் நிற்காது. இரத்தம் கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்க அவருக்குச் சொந்தம் யாரும் இல்லை. பல் கட்டியவர்தான் இருக்கிறார்.

முன்பல்லின் அடியில் சின்னதாக ஒரு பள்ளம் தேய்ந்திருப்பதைக் காட்டி, இது என்ன என்று கேட்டாள் அந்த அம்மா. இவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. கடிதக் கட்டின் கயிற்றைப் பல்லால் கடித்துத்தான் தபால்காரர் அவிழ்ப்பார்.

ஞாயிற்றுக்கிழமை தம்பியிடம் சொன்னேன். என்னமோ நல்ல செய்தி சொல்வதுபோலச் சொல்லிவிட்டேன், என் புத்தியை என்ன சொல்ல! அவன் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"மாமா, நீங்க போகப் போறீங்களா?"

"கூப்பிட்டிருக்காங்க மாப்ள."

"நம்ம ஊரு விஷயத்துல வெளிநாட்டுக்காரனுக்கு என்ன வேலை? குண்டு விழுந்தப்ப ஒருத்தன் எட்டிப் பார்த்தானா? இப்ப நாற்காலி போட்டு உக்காந்து நியாயம் பேசறானுங்க."

"நம்ம ஊரு கோர்ட்டுல ரெண்டு தடவை வழக்கு போட்டு ரெண்டு தடவையும் மூடிட்டாங்களே" என்றார் இவர்.

"சரி, பெரிய நாட்டுச் சிப்பாய் எவனையாவது அங்க நிறுத்தியிருக்கானா? சொல்லுங்க! அவன் கொன்னா கேக்க நாதியில்ல. நம்மள மாதிரி ஆளுங்கன்னாதான் சட்டம் வரும். மேல இருந்து ஒருத்தன் உத்தரவு போடுவான், கீழ இருக்கறவன் மாட்டேன்னு சொன்னா அவனையே சுட்டுடுவான். பாவம், அந்த ரெண்டு பேரும் என்கூட ஒரே கொட்டகையில படுத்தவனுங்க. பத்தொன்பது, இருபது வயசு அப்ப."

பெரிய நாட்டுக்காரனைப் பற்றி அவன் கேட்ட கேள்வி நியாயம்தான். இவர், "அதெல்லாம் எனக்குத் தெரியல மாப்ள. என்கிட்ட சிப்பாயைப் பத்திக் கேக்கல. பல்லைப் பத்திக் கேட்டிருக்காங்க. அது என்னோடதுதான். இல்லேன்னு எப்படிச் சொல்றது?" என்றார்.

தம்பி எழுந்து கை கழுவினான். "நீங்க அங்க போனீங்கன்னா, நான் இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன். அக்கா, உனக்கும் சேர்த்துதான் சொல்றேன்" என்று போய்விட்டான்.

என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. தம்பி மேல் அல்ல, இவர் மேல். "உங்களுக்கு என்ன, பல் போனா பல் கட்டுவீங்க. எனக்குத் தம்பி போனா யார் கட்டித் தருவா? செத்தவர் எழுந்து வரப் போறாரா? பேசாம இருந்துடுங்க!" என்று கத்தினேன். இவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, உன் தம்பி. நீ போக வேணாம்னு சொல்லு, போகல" என்றார்.

எப்படி இருக்கிறது பாருங்கள்! அத்தனை பாரத்தையும் தூக்கி என் தலையில் வைத்துவிட்டு, மனிதர் பல் ராவப் போய்விட்டார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. இரண்டு நாள் அந்த வார்த்தையை வாயில் வைத்துக்கொண்டு வளைய வந்தேன். மூன்றாம் நாள் மதியம் அச்சுத் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது தெருவில் புதுத் தபால்காரன் போனான். நல்ல பையன்தான், பெட்டியில் போட்டுவிட்டுச் சத்தமில்லாமல் போய்விடுவான். எனக்கு ஏனோ அழுகை வந்துவிட்டது. என் தம்பி உயிரோடு இருக்கிறான் என்று தெருமுனையிலிருந்து கத்திக்கொண்டு வந்த மனுஷர், பெயரில்லாமல் ஒரு பெட்டிக்குள் கிடக்கிறார். ஆயுதக்காரர் என்று எழுதி மூடப் போகிறார்கள். ஈரக் கையோடு பட்டறைக்குப் போய், "போய்ச் சொல்லிட்டு வாங்க. நானும் வர்றேன்" என்றேன். இவர் தலையை நிமிர்த்தாமலே, "குளிராம், கம்பளிச் சட்டை எடுத்து வை" என்றார்.

விமானத்தில் இவர் சமர்த்தாகத் தூங்கினார். நான்தான் கடவுள் பெயரையெல்லாம் சொல்லித் தீர்த்தேன். நீதிமன்றம் பெரிய அரண்மனைபோல இருக்கும் என்று நினைத்திருந்தேன். சுத்தமான ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது. வெளிர் மரமேசைகள், கம்ப்யூட்டர்கள், யாரும் சத்தம் போட்டுப் பேசவில்லை. என்னைக் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் உட்காரவைத்துக் காதில் மாட்டிக்கொள்ள ஹெட்போன் கொடுத்தார்கள். யார் பேசினாலும் நம் பாஷையில் ஒரு பெண் குரல் சொன்னது, செய்தி வாசிப்பதுபோல. தளபதி கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரிட்டையரான தலைமையாசிரியர் மாதிரி இருந்தார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

இவர் கையுறை மாட்டிக்கொண்டு செட்டை வாங்கினார். பதினோரு வருஷம் கழித்துப் பார்க்கிறார். கட்டைவிரலால் அந்தக் கோரைப்பல்லைத் தடவிக்கொண்டு, "இது நான் கட்டினது. இது தப்பு" என்றார். அப்புறம் மழை, கரண்ட், ஜன்னல், மேசை என்று ஒன்றுவிடாமல் சொன்னார். உலகத்துப் பெரிய மனிதர்கள் முன்னால் தான் செய்த தப்பை இப்படி விலாவாரியாகச் சொன்ன தொழிலாளி வேறு யாராவது உண்டா என்று எனக்குத் தெரியாது. வேகமாகப் பேச வேண்டாம் என்று மூன்று தடவை நிறுத்தினார்கள்.

தளபதியின் வக்கீல் எழுந்தார். என் ஹெட்போனில் அந்தப் பெண் குரல், "நீங்கள் முப்பது ஆண்டுக் கால அனுபவம் உள்ளவர் என்றீர்கள். அனுபவமுள்ள ஒருவர் இப்படிப்பட்ட அடிப்படைப் பிழையைச் செய்வாரா? ஒன்று, நீங்கள் திறமையற்றவர். அல்லது, இது உங்களுடையது அல்ல" என்றது. எனக்கு ரத்தம் கொதித்தது. கண்ணாடி மட்டும் இல்லாவிட்டால் நானே எழுந்து கேட்டிருப்பேன்.

இவர் வக்கீல் பக்கம் திரும்பினார். "ஐயா, ஆயிரக்கணக்குல கட்டியிருக்கேன். இது சரியாக் கட்டின செட்டா இருந்தா, யாரோடதுன்னு எனக்கே தெரிஞ்சிருக்காது. எல்லாம் ஒண்ணு மாதிரிதான் இருக்கும். இந்த மாதிரி தப்பாக் கட்டினது ஒண்ணே ஒண்ணுதான். ரெண்டு வருஷம் தினமும் என் வாசல்ல வந்து இதைக் காட்டிச் சிரிச்சார். எப்படி மறப்பேன்?"

வக்கீல் காகிதத்தைப் புரட்டினார். "உங்களுக்குப் படையினர் மேல் வெறுப்பு உண்டா?"

"என் மச்சான் படையில இருந்தவன் ஐயா. நான் இங்க வந்ததுல அவனுக்கு மனசே இல்ல. எங்க வீட்டுக்கு வர்றதை நிறுத்திட்டான். அவன் நல்லவன்" என்றார். கேட்ட கேள்வி ஒன்று, இவர் சொன்ன பதில் ஒன்று. ஆனால் மூன்று நீதிபதிகளும் எழுதுவதை நிறுத்திவிட்டு இவரைப் பார்த்தார்கள். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

தபால்காரருக்குப் பெயர் கிடைத்தது. ஊரில் முறையாக அடக்கம் செய்தோம், தபாலாபீஸ் அன்று பூட்டியிருந்தது. இவர் நடுவீதியில் நிமிர்ந்து நடந்தார். ஆனால் தம்பி வரவில்லை. அடக்கத்துக்கும் வரவில்லை, ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை. நாளைக்கு நாலு தடவை பஸ் போகும், அவன் நேரே பார்த்துக்கொண்டு ஓட்டுவான். கல்லுளிமங்கன்! நானும் விடுவேனா, வாசலில் நின்றிருந்தாலும் அந்த நேரம் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பேன். உள்ளே வந்து அழுவது வேறு விஷயம்.

நாலு மாதம் போனது. தளபதி வாதத்தை மாற்றிக்கொண்டார் என்று பேப்பரில் வந்தது. செத்தவர்கள் சாதாரண ஆட்கள்தான், ஒப்புக்கொள்கிறேன், ஆனால் தான் அப்படி ஒரு உத்தரவே போடவில்லை, அந்த இரண்டு சிப்பாய்களும் தாங்களாகவே செய்துவிட்டார்கள் என்றாராம். உத்தரவைக் காதால் கேட்ட சாட்சி ஒருவரும் இல்லை என்றும் போட்டிருந்தது. இவர் படித்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்தார்.

அதற்கு அடுத்த திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, காத்திருக்கிறவர்கள் உட்காரும் பெஞ்சில் என் தம்பி உட்கார்ந்திருந்தான். வெளியாள்போல, முழங்காலில் கை வைத்துக்கொண்டு. போன மாதம் பஸ்ஸைச் சட்டென்று நிறுத்தியதில் ஸ்டீயரிங்கில் மோதி முன்பல் இரண்டு போய்விட்டது என்று தெருமுனைக் கடைக்காரர் சொல்லிக் கேள்விப்பட்டிருந்தேன். பக்கத்து ஊரில் போய்க் கட்டிக்கொள்வான் என்று நினைத்தேன். கட்டிக்கொள்ளவில்லை.

இவர்தான் ஒன்றுமே நடக்காததுபோல, "வா மாப்ள, உள்ள உக்காரு. வாயைத் திற" என்றார். அச்செடுக்கும் மாவைக் குழைத்துத் தட்டில் நிரப்பி வாய்க்குள் வைத்து அழுத்தினார். "மூக்கால மூச்சு விடு. மூணு நிமிஷம் அசையாதே."

மூன்று நிமிஷம்! இப்படி ஒரு வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும்? வாய் நிறைய மாவோடு அவனால் ஒரு வார்த்தை திருப்பிப் பேச முடியாது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு எதிரில் நின்றேன்.

"ஏன்டா, அக்கா இருக்காளா செத்தாளான்னு கேட்டியாடா? வாசல் வழியாப் போறியே, ஒரு தடவை திரும்பிப் பார்த்தியா? பல்லு விழுந்தாத்தான் மாமா வீடு ஞாபகம் வருமா? அந்த மனுஷன் அவ்வளவு பெரிய கோர்ட்டுல உன்னை நல்லவன்னு சொன்னார்டா! உன்னைப் பத்தி யாரும் கேக்கவே இல்ல, இவரா சொன்னார். நீ என்னடான்னா தபால்காரர் அடக்கத்துக்குக்கூட எட்டிப் பார்க்கல..."

அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. தட்டு வாயில் இருந்து குமட்டினால் எல்லோருக்கும் அப்படித்தான் வரும். அதனால் நான் நிறுத்தவில்லை. இவர் தட்டை அசைத்து எடுத்து, "கொப்பளி" என்றார். அவன் கொப்பளித்துத் துப்பிவிட்டு என்னைப் பார்க்காமல் இவரைப் பார்த்தான்.

"எப்ப கிடைக்கும் மாமா?"

"எட்டு நாள் ஆகும். நிறம் பார்க்கணும் இல்ல?"

"நிறம் எதுவா இருந்தாலும் பரவாயில்ல. வியாழக்கிழமைக்குள்ள வேணும். பேசினா காத்துதான் வருது. தெளிவாப் பேசணும்."

"யார்கிட்டடா?" என்றேன்.

"அந்தக் கோர்ட்டு அம்மாகிட்டக்கா. வியாழக்கிழமை வர்றாங்க. நான்தான் போன் பண்ணினேன்."

இவர் கையிலிருந்த தட்டை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"அன்னைக்குக் காலையில சூளைக்குப் போறதுக்கு ஆள் பிரிச்சாங்க. அதுல என் பேரும் இருந்துச்சு. 'ஒருத்தன்கூட மிஞ்சக் கூடாது'ன்னு தளபதி தன் வாயால சொன்னார். நான் ரெண்டடி தூரத்துல நின்னேன். காய்ச்சல்னு சொல்லிட்டுப் போய்ப் படுத்துக்கிட்டேன். காய்ச்சல் எதுவும் இல்லக்கா. போர்வைய இழுத்துப் போர்த்திக்கிட்டு, லாரி போற சத்தத்தைக் கேட்டுக்கிட்டுப் படுத்திருந்தேன். என் இடத்துல இன்னொருத்தனை அனுப்பினாங்க. அவன்தான் இப்ப அங்க நிக்கிறான். தளபதி எல்லாத்தையும் அவன் தலையில கட்டிட்டார்."

"தபால்காரர்..."

"அவரும் அதுல இருந்தார்னு மறுநாள்தான் தெரியும். உன் வீட்டுல உக்காந்து ஒவ்வொரு வாய் சாப்பிடறப்பவும் சொல்லணும்னு நினைப்பேன்."

அவனை அறையக் கை ஓங்கினேன். கை அவன் தலையில்தான் போய் விழுந்தது. சின்ன வயதில் காய்ச்சல் பார்க்கத் தொடுவதுபோலத் தொட்டுக்கொண்டு நின்றேன்.

"பெரிய நாட்டுக்காரனைத் தொடாத கோர்ட்டுன்னு சொன்னியேடா."

"இப்பவும் அதையேதான் சொல்றேன். விட்டா அங்கேயும் சொல்வேன். அதுக்காகத் தளபதி உத்தரவு போட்டது இல்லேன்னு ஆகிடுமா?"

"உன்னையும் பிடிச்சு உள்ள போட்டுட்டாங்கன்னா?"

"கேட்டேன்கா. அதுக்கு எந்த உறுதியும் தர முடியாதுன்னுட்டாங்க. சரி, பரவாயில்ல, வாங்கன்னு சொல்லிட்டேன்."

இவர் தட்டை என் கையில் கொடுத்தார். "சீக்கிரம் ஊத்து. நேரமானா மாவு சுருங்கிடும்" என்றார். அப்புறம் தம்பியிடம், "புதன்கிழமை சாயங்காலம் பல் வாயில இருக்கும். நீ போய் நல்லாப் பேசு மாப்ள" என்றார். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அன்று ஒரு தடவைதான்.

பின்னறைக்குப் போய்ப் பிளாஸ்டர் கலக்கினேன். அச்சில் என் தம்பியின் வாய் அப்படியே பதிந்திருந்தது, நடுவில் இரண்டு பல் இல்லாமல். என் தம்பி ஜெயிலுக்குப் போனாலும் போவான். அவனைப் பேச வைக்கப் போகிற பல்லுக்கு என் கையாலேயே அச்சு ஊற்றுகிறேன். பயமாக இருந்தது. அதற்கு மேல் பெருமையாக இருந்தது. முழுவதும் ஊற்றி முடித்துவிட்டு, "சாப்பிடாம போயிடாதடா" என்று உள்ளேயிருந்தே கத்தினேன்.